கண் சுருங்கினால்தான் சிரிப்பா?

சென்ற இதழில், முகத்தின் ஒருபக்கம் அசையாமல் போகும் முகவாதத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி வாதத்தை விட்டுவிட்டுச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டன. இங்கே சிங்கப்பூர் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாக இருந்த காலமெல்லாம் "பல்லைக் காட்டுங்க ஐயா, புருவத்தைத் தூக்குங்கம்மா" என்று அடுத்தவர் முகத்தை வேலை வாங்கியவள் நான். அதனால் தசையையும் நரம்பையும் பற்றித் தைரியமாகப் பேசுவேன். மாமியார் மருமகள் வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. முதல் கடிதமே அந்த வழக்குத்தான்!

மகனுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. மருமகள் நல்ல பெண், குறை சொல்லமாட்டேன். ஆனால் என்னைப் பார்த்துச் சிரிக்கும்போது வாய் மட்டும்தான் சிரிக்கிறது. கண் ஓரம் சுருங்கினால்தான் உண்மைச் சிரிப்பு என்று யூடியூபில் ஒருவர் விளக்கினார். அதிலிருந்து அவள் முகத்தையே கவனித்து வருகிறேன். ஒருநாள்கூடச் சுருங்கவில்லை. என்னைப் பிடிக்கவில்லையா?
– பெயர் வேண்டாம், உட்லண்ட்ஸ்

யூடியூப்காரர் கதையைத் தொடங்கிவிட்டுப் பாதியில் எழுந்து போய்விட்டார் போலிருக்கிறது. மீதியை நான் சொல்கிறேன்.

பிரான்ஸில் துஷேன் என்றொரு நரம்பு மருத்துவர் இருந்தார். முகத்தில் தொடு உணர்ச்சி மரத்துப்போன, செருப்புத் தைத்துப் பிழைத்த ஒரு முதியவரைப் பிடித்தார். அவர் கன்னத்தில் மின்முனைகளை வைத்து ஒவ்வொரு தசையாகச் சுண்டி இழுத்துப் புகைப்படம் எடுத்தார். 1862-இல் அந்தப் படங்கள் வெளிவந்தன. கன்ன எலும்பிலிருந்து வாயோரத்துக்கு வரும் தசையை மின்சாரம் இழுத்தால் வாய் விரிகிறது, ஆனால் பார்ப்பவருக்கு ஒட்டவில்லை. மனிதர் தானாகச் சிரிக்கும்போது கண்ணைச் சுற்றி வளையமாக ஓடும் தசையும் சேர்ந்து இறுகுகிறது. இந்தக் கண் தசை நம் சொல்லுக்குக் கட்டுப்படாது, உள்ளே மகிழ்ச்சி இருந்தால்தான் அசையும் என்றார் துஷேன். பத்து வருடம் கழித்து டார்வின் அந்தப் படங்களைத் தெரிந்தவர்களிடம் காட்டிப் பார்த்தார். மின்சாரச் சிரிப்பைப் பார்த்தவர்கள் 'இது ஏதோ விஷமச் சிரிப்பு', 'சிரிக்கப் பார்க்கிறார்' என்கிற மாதிரி ஆளுக்கொன்று சொன்னார்கள். பிறகு நம் காலத்தில் பால் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், கண்ணும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்புக்கு துஷேன் பெயரையே வைத்தார். உங்கள் யூடியூப்காரர் எழுந்து போனது இந்த இடத்தில்தான்.

அதற்கப்புறம் நடந்தது இது. மற்ற ஆய்வாளர்கள் சாதாரண மக்களை உட்காரவைத்து, கண்ணும் சுருங்கும்படி வேண்டுமென்றே சிரியுங்கள் என்றார்கள். கணிசமானோர் சிரித்துக் காட்டிவிட்டார்கள். வாயை நன்றாக அகட்டிச் சிரித்தாலே கன்னம் மேலேறிக் கண்ணடியைத் தள்ளும், உள்ளே மகிழ்ச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆக, கண் சுருங்கினால் உண்மை என்பதும் நிற்கவில்லை, சுருங்காவிட்டால் பொய் என்பதும் நிற்கவில்லை. ஒருவர் சொல்வது பொய்யா மெய்யா என்று ஆளைப் பார்த்தே கண்டுபிடிப்பதில் மனிதர்களின் சராசரித் திறமை எவ்வளவு தெரியுமா? 2006-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். நூற்றுக்கு 54 வந்தது. காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும்.

இன்னொன்று. மருமகளுக்கு என்ன வயது? இருபத்தாறு, இருபத்தேழு இருக்குமா? அந்த வயதில் கண்ணோரத்தில் கோடு விழ என்ன இருக்கிறது! உங்களுக்கும் எனக்கும் சும்மா வெயிலில் நின்றாலே விழும்.

பெரியவர்களைப் பார்த்தால் மரியாதைக்குச் சிரிப்பது பொய் இல்லை. அந்தப் பெண்ணுக்கு அவள் வீட்டில் கற்றுக்கொடுத்த பழக்கம் அது. அதோடு, மாமியார் தன் முகத்தை உற்றுப் பார்க்கிறார் என்று எந்த மருமகளுக்கும் இரண்டே நாளில் தெரிந்துவிடும். பரீட்சை எழுதுகிறவள் முகத்தில் எப்படிக் கண் சிரிக்கும்? வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே வந்து கதவைத் திறப்பவளிடம் "சாப்பிட்டியாம்மா?" என்று கேளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போய், மீன் வாங்கிவிட்டு மேலே துணிக்கடைகளைச் சுற்றுங்கள். கால் வலிக்க ஆரம்பித்ததும், "இந்த வீட்டில் உனக்கு ஏதாவது கஷ்டமாக இருக்கா?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கண்ணோரம் சொல்லாததை வாய் சொல்லும். அந்த யூடியூப் சேனலையும் நிறுத்திவிடுங்கள்.

அக்கா, எனக்கு வயது 36. மென்பொருள் சோதனை வேலை. "ஏன்டா மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்கே" என்று சின்ன வயதிலிருந்தே கேட்டுக் காது புளித்துவிட்டது. கல்யாண ஆல்பத்தில் நான் மட்டும் இழவு வீட்டில் நிற்பதுபோல் இருக்கிறேன். மகள் பிறந்த அன்று நெஞ்சு படபடத்தது, தொண்டை அடைத்தது. பக்கத்தில் நின்ற தாதி, "அப்பாவுக்குச் சந்தோஷம் இல்லையா?" என்றார். இந்த வருட வேலை மதிப்பீட்டில் 'அணுகக் கடினமானவர்' என்று எழுதிவிட்டார்கள். மற்றவர்கள் முகமும் எனக்குப் பிடிபடுவதில்லை. மதியச் சாப்பாட்டு மேசையில் சிரிப்பவர்கள் என்னோடு சிரிக்கிறார்களா, என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களா என்று குழம்புவேன். மின்தூக்கிக் கண்ணாடியில் சிரித்துப் பழகுகிறேன். யாராவது ஏறினால் நிறுத்திவிடுவேன். இது வியாதியா?
– எஸ்., செங்காங்

தம்பி, தாதி கேட்ட கேள்விக்கு உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. நெஞ்சு படபடத்தது, தொண்டை அடைத்தது என்கிறீர்கள். சந்தோஷம் வந்திருக்கிறது. முகத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வார்டில் ஒரு பெரியவர் இருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து வலதுபக்க வாயோரம் தொங்கிவிட்டது. பயிற்சிக்கு வந்த மாணவி "பல்லைக் காட்டுங்க" என்றால் இடதுபக்கம் மட்டும் போகும், வலதுபக்கம் அசையாது. முகம் சிவக்க முயற்சி செய்வார், ம்ஹூம். ஒருநாள் காலை, அடுத்த கட்டிலில் இருந்த சீனப் பெரியவர் கஞ்சியைப் பார்த்துவிட்டு ஹொக்கியனில் ஏதோ முணுமுணுத்தார். எனக்குப் புரியவில்லை. நம்மவருக்குப் புரிந்தது. குபீரென்று சிரித்தார். இரண்டு வாயோரமும் சமமாக மேலே ஏறியது! மாணவி கையிலிருந்த அட்டையைக் கீழே போட்டுவிட்டாள். "இன்னொரு தடவை அப்படிச் சிரிங்க ஐயா" என்றாள் ஆவலாக. மறுபடியும் இடதுபக்கம் மட்டும்தான் போனது.

முகத்துக்கு மூளையிலிருந்து இரண்டு வழி இருக்கிறது. 'சிரி' என்று நாமே கட்டளை போடும்போது செய்தி மூளையின் மேற்பரப்பில், அசைவுகளை ஆளும் பகுதியிலிருந்து கிளம்புகிறது. தானாக வரும் சிரிப்பு அதைவிட ஆழத்திலிருந்து, உணர்ச்சிகளோடு தொடர்புள்ள இடங்களிலிருந்து வேறு பாதையில் வருகிறது. அந்தப் பெரியவருக்கு முதல் பாதை அடைபட்டு, இரண்டாவது பிழைத்திருந்தது. பார்க்கின்சன் நோயில் நேர்மாறாக நடக்கும். சொன்னால் சிரிப்பார்கள், தானாக வருவது குறைந்துவிடும். "தாத்தாவுக்கு என்மேல் கோபம்" என்று பேரப்பிள்ளைகள் ஒதுங்குவதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். தாத்தாவுக்கு ஒரு கோபமும் இருக்காது.

கல்யாண ஆல்பத்தில் இருப்பதெல்லாம் கட்டளைச் சிரிப்பு. போட்டோக்காரர் "சார், கொஞ்சம் சிரிங்க" என்று ராத்திரி பத்து மணி வரைக்கும் வேலை வாங்கியிருப்பார். மின்தூக்கிக் கண்ணாடியும் அதையேதான் சோதிக்கிறது. அந்தப் பயிற்சியை விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, மகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடும்போது உங்களுக்குத் தெரியாமல் மனைவியைக் கைபேசியில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். அதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

வியாதியா என்று கேட்டீர்கள். சிறுவயதிலிருந்தே இப்படித்தான் என்றால் பெரும்பாலும் இது உங்கள் வாகு. சிலருக்கு முகம் அதிகம் பேசும், சிலருக்குக் கொஞ்சமாகப் பேசும். புதிதாக வந்த மாற்றம் என்றால் என் பதில் வேறு. மனச்சோர்வு முகத்தை மழுக்கும். மனநோய்க்குத் தரும் சில மருந்துகளும் மழுக்கும். அப்படி இருந்தால் பலதுறை மருந்தகத்துக்குப் போய் மருத்துவரிடம் சொல்லவேண்டும். ஒருபக்கம் மட்டும் திடீரென்று தொங்கினால் கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது, ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைக்கவேண்டும்.

மற்றவர் முகம் பிடிபடுவதில்லை என்று எழுதியிருப்பதுதான் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. முகபாவம் குறைவாக இருப்பதும், பிறர் முகத்தைப் படிக்கச் சிரமப்படுவதும் ஆட்டிசம் உள்ளவர்களிடம் சேர்ந்து வருவதுண்டு. பெரியவர்களான பிறகு, பிள்ளைக்குப் பரிசோதனை செய்யப் போன இடத்தில் தங்களைப் பற்றித் தெரிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஒரு கடிதத்தை வைத்து அப்படிச் சொல்லவும் கூடாது. தெரிந்துகொள்ள விருப்பம் இருந்தால் பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள், உளவியல் நிபுணரிடம் அனுப்பிவைப்பார்கள். விருப்பம் இல்லை என்றால் கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் டேமியன் மில்டன் என்ற ஆய்வாளர் இருக்கிறார், அவரே ஆட்டிசம் உள்ளவர். இது இரண்டு பக்கத்துச் சிக்கல் என்று 2012-இல் எழுதினார். ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்கிறோமே, மற்றவர்களுக்கும் அவரைப் புரிவதில்லை அல்லவா? உங்களைப் பார்த்து 'அணுகக் கடினமானவர்' என்று எழுதியவர் எத்தனை தடவை அணுகிப் பார்த்தார்?

இப்போது காரியத்துக்கு வருவோம். மோபியஸ் என்று ஒரு பிறவிக் குறைபாடு உண்டு. முகத்தை அசைக்கும் நரம்பு பிறவியிலேயே வளர்ந்திருக்காது. அவர்களில் பலரால் சிரிக்கவே முடியாது. கேத்லீன் போகார்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் அந்தக் குறைபாட்டோடு பிறந்தவர். முகம் அசையாதவர்கள் எப்படிப் பழகுகிறார்கள் என்று அவர் ஆராய்ந்தார். பிறவியிலேயே அப்படி இருப்பவர்கள் குரலையும் கையையும் உடம்பையும் கூடுதலாகப் பயன்படுத்தி ஈடுகட்டுகிறார்கள் என்று கண்டார். முகம் முழுதும் அசையாதவர்களே சமாளிக்கும்போது உங்களுக்கு என்ன?

குரலில் ஆரம்பியுங்கள். காலையில் அலுவலகத்தில் "மார்னிங்" என்று சொல்லும்போது தலையைத் திருப்பி, ஆளைப் பார்த்து, புருவத்தை ஒரு நொடி தூக்கிவிட்டுச் சொல்லுங்கள். சிரிக்கவே வேண்டாம். மகிழ்ச்சியாக இருந்தால் "எனக்கு ரொம்பச் சந்தோஷமா இருக்கு" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். நம் ஆண்களுக்கு இது வெட்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. மேலாளரிடம் ஒருநாள் தனியாக, "என் முகத்தில் உணர்ச்சி அதிகம் தெரியாது சார், சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான். கோபம் என்று நினைத்துவிடாதீர்கள், கோபம் வந்தால் வாயால் சொல்லிவிடுவேன்" என்று சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் புரியாவிட்டால், "என்ன ஜோக், எனக்கும் சொல்லுங்க" என்று கேட்கலாம். நல்லவர்களாக இருந்தால் சொல்வார்கள். சொல்லாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால், நாளையிலிருந்து வேறு மேசையில் உட்கார்ந்து நாசி லெமாவை நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

ஒரு பெரிய கடையில் வாடிக்கையாளர் சேவை முகப்பில் நிற்கிறேன். சிரித்த முகமாக இருக்கவேண்டும் என்பது வேலை விதி. வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்தால் தாடை வலிக்கிறது, அம்மாவிடம்கூடச் சிரிக்கத் தோன்றவில்லை. நான் போலியான ஆளாக மாறிவிட்டேனா?
– கே., புக்கிட் பாத்தோக்

இல்லைம்மா, வேலை செய்து களைத்த ஆளாக மாறியிருக்கிறாய். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்டு 1983-லேயே விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, முகத்தையும் மனத்தையும் சம்பளத்துக்காக நிர்வகிப்பதும் உழைப்புத்தான் என்று எழுதினார். மூட்டை தூக்கியவர் தோள் வலிக்கிறது என்றால் யாராவது போலி என்பார்களா?

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. 1979-இல் பண்பாக நடந்துகொள்ளும் இயக்கம் தொடங்கினார்கள். அப்புறம் சிங்கா என்ற சிங்கம் சுவரொட்டிகளில் சிரித்தது. 2006-இல் உலக வங்கி, அனைத்துலகப் பண நிதியக் கூட்டங்கள் இங்கே நடந்தபோது, வருகிறவர்களை நாற்பது லட்சம் புன்னகையோடு வரவேற்போம் என்று ஓர் இயக்கமே நடந்தது. அப்போது என்னிடம் முகவாதத்துக்கு வந்துகொண்டிருந்த ஒருவர், "என் கணக்கில் அரைதான் வரும், அரையைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார் பாதி வாயால். நான் சிஸ்டர் இல்லை என்று அவரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தேன்.

தாடை வலிக்குக் காரணம் சிரிப்பு மட்டும் இருக்காது. சிரிக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாயா பார். நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். உதடு மூடியிருக்கும்போது மேல்பல்லும் கீழ்பல்லும் தொடாமல் இருக்கவேண்டும். இடைவேளையில் காதுக்கு முன்னால் கடிக்கும் தசையை விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்துவிடு. வாய் திறக்கும்போது 'டக்' என்று சத்தம் வந்து வலித்தால் பல் மருத்துவரைப் பார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "கொஞ்ச நேரம் மூஞ்சிக்கு லீவு விடும்மா" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள். அம்மா தப்பாக நினைக்கமாட்டார்.

என் கணவருக்குப் போன வருடம் முகவாதம் வந்து குணமாகிவிட்டது. இப்போது சிரித்தால் இடது கண் தானாக மூடிக்கொள்கிறது. காப்பிக்கடையில் ஒரு பெண்மணி, கண்ணடிக்கிறார் என்று நினைத்து முறைத்துவிட்டார். அதிலிருந்து இவர் வெளியே சிரிப்பதையே நிறுத்திவிட்டார்.
– திருமதி ஆர்., அங் மோ கியோ

பாவம் மனிதர். காப்பிக்கடைக் காட்சியை நினைத்துச் சிரிப்பும் வருகிறது, மன்னியுங்கள்.

முக நரம்பு வீங்கி நசுங்கி மறுபடி வளரும்போது சில இழைகள் இடம் மாறிப் போய்ச் சேர்ந்துவிடும். வாய்க்குப் போகவேண்டியது கண்ணுக்கும் போகும். மின்விசிறி சுவிட்சைத் தட்டினால் விளக்கும் சேர்ந்து எரிகிற மாதிரி. வாதம் வந்து சில மாதம் கழித்துத்தான் இது தலைகாட்டும், அதனால் 'குணமாகித் திரும்பக் கெட்டுவிட்டது' என்று பயப்படுவார்கள். அப்படி இல்லை.

செய்யக்கூடாததை முதலில் சொல்கிறேன். பலூன் ஊதுவது, சூயிங்கம் மெல்லுவது, பலம் கொண்ட மட்டும் முகத்தைச் சுருக்குவது எதுவும் வேண்டாம். இணையத்தில் விற்கும் மின்கருவிகளையும் தொடவேண்டாம். தப்பான இணைப்பு இன்னும் உறுதிப்படும். செய்யவேண்டியது, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, கண்ணை மென்மையாகத் திறந்து வைத்துக்கொண்டு, வாயோரத்தை மிக மெதுவாக, நூலளவு தூக்குவது. கண் மூட ஆரம்பிக்கிற இடத்தில் நிறுத்தித் தளர்த்தவேண்டும். அவசரப்பட்டால் பலன் இல்லை, மாதக்கணக்கில் ஆகும். முகத்துக்கென்றே பயிற்சி பெற்ற தெரபிஸ்டிடம் அனுப்பச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். தேவைப்பட்டால் கண்ணைச் சுற்றிச் சிறு அளவு, தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி போடுவார்கள். நடிகைகளுக்கு மட்டும் உள்ளதல்ல அது.

இதே வாதம் இன்னொருவருக்கு வந்தால் ஒன்றை மறக்காதீர்கள். முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கினால் முழுதாகக் குணமாகும் வாய்ப்புக் கூடும். "குளிர்காற்று பட்டிருக்கும், தைலம் தேய்த்தால் போகும்" என்று மூன்று நாள் வீட்டில் வைத்திருந்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

பேரன் பிறந்து மூன்று வாரம். தூங்கும்போது சிரிக்கிறான், விழித்திருக்கும்போது என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. சிரிப்பது பார்த்துக் கற்றுக்கொள்வதா, கூடவே பிறப்பதா?
– புதிய தாத்தா, தெம்பனிஸ்

சாமி பூ காட்டினால் குழந்தை சிரிக்கும், நரி மிரட்டினால் அழும் என்பார் என் பாட்டி. இப்போதைக்கு சாமியிடம்தான் சிரிக்கிறான், பொறாமைப்படாதீர்கள். ஆளைப் பார்த்துச் சிரிக்க ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும்.

கூடப் பிறப்பதுதான். 2004 ஏதென்ஸ் உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கில் ஜூடோ வீரர்களின் முகங்களை ஆய்வாளர்கள் படமெடுத்து ஆராய்ந்தார்கள். பிறவியிலேயே பார்வையில்லாத வீரர்கள், ஒரு முகத்தையும் பார்த்திராதவர்கள், பார்வையுள்ளவர்களைப் போலவே சிரித்தார்கள். இறுதிப் போட்டியில் தோற்று வெள்ளி வாங்கும்போது, நாம் சபையில் சிரிப்போமே வாயால் மட்டும், அந்தச் சிரிப்புக்கூட அவர்களுக்கு அப்படியே வந்தது. உட்லண்ட்ஸ் அம்மா இதையும் படிக்கட்டும்.

பேரனை ஒரு சாண் தூரத்தில், முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்த வயதில் கண்ணுக்கு அதற்குமேல் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. மூன்று மாதம் ஆகியும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால், தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள்.